வைரஸ் அடங்கிய பிறகு

இருபது ஆண்டுகளுக்கு முன் எச்.ஐ.வி. தொற்று உறுதியானவரின் உறவினர்கள் மருத்துவரைத் தனியே அழைத்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இன்னும் எத்தனை மாதம்?" இன்று அதே குடும்பங்கள் கேட்பது வேறு. மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கலாமா, வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடலாமா, பேத்தி படித்து முடிக்கும் வரை இருப்பேனா என்று கேட்கிறார்கள். மாதக் கணக்கு போய் ஆண்டுக் கணக்கு வந்துவிட்டது. ஆனால் இந்தப் புதிய கேள்விக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில், "மாத்திரையை விடாமல் போடுங்கள், ஒன்றும் ஆகாது" என்பதோடு முடிந்துவிடுகிறது. அது பாதி பதில் என்பது எங்கள் கருத்து. மறுபாதியைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதற்பாதி மறுக்க முடியாத உண்மை. இந்தியாவில் இன்று ஏறத்தாழ 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கின்றனர். எய்ட்ஸ் சார்ந்த உயிரிழப்புகளோ 2010ஆம் ஆண்டோடு ஒப்பிட முக்கால் பங்குக்கும் மேல் குறைந்துள்ளன. மருந்தை ஒழுங்காக உட்கொள்பவரின் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிடுகிறது. அவ்வாறு அடங்கிய நிலை நீடிக்கும் வரை உடலுறவு வழியாகத் தொற்று பிறருக்குப் பரவுவதில்லை. 2011இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு இதற்கு வழி திறந்தது. ஒன்பது நாடுகளில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 இணையரிடம் நடந்த அந்த ஆய்வில் சென்னையும் ஓர் இடம். இவ்வளவும் நம் காலத்தில் நடந்தவை. இதைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

வந்த வழியையும் சற்றே நினைவுகூர வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பயின்ற டாக்டர் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில்தான் அது வெளிப்பட்டது. 1996ஆம் ஆண்டளவில் மேலை நாடுகளில் கூட்டு மருந்து சிகிச்சை வந்து இறப்புகளைச் சட்டென்று குறைத்தது. நமக்கு அது எட்டாத விலையில் இருந்தது. 2001இல் நம் நாட்டு மருந்து நிறுவனமான சிப்லா, நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் முதல் நாள், எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்கிற்று. அவற்றுள் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதன்பின் மாவட்டந்தோறும் மையங்கள் வந்தன. மதுரை இராசாசி அரசு மருத்துவமனைக்கு உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் வந்து வரிசையில் நின்றவர்களுள் பலர் இன்று தாத்தா, பாட்டியாக இருக்கிறார்கள்.

அப்படி நீண்ட நாள் வாழ்ந்தவர்களின் உடலில் அந்தக் காலத்தின் தடமும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் தரப்பட்ட ஸ்டாவுடின் என்னும் மருந்து உயிரைக் காத்தது. கூடவே கன்னத்தையும் கைகால்களையும் ஒட்டச் செய்து, பாதங்களில் எரிச்சலையும் மரத்துப்போன உணர்வையும் விட்டுச் சென்றது. பின்னர் அந்த மருந்து திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் மருந்து போனாலும் பாத எரிச்சல் பலருக்குப் போகவில்லை. அந்த நாளில் மருந்து தொடங்குவதற்கே சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்க வேண்டியிருந்தது. அந்த வரம்பு 350, 500 என்று படிப்படியாக உயர்ந்து, 2017இல்தான் தொற்று உறுதியான எவருக்கும் உடனே மருந்து என்ற நிலைக்கு வந்தது. ஆகவே 2006இல் மருந்து தொடங்கியவரும் 2019இல் தொடங்கியவரும் இன்று ஒரே மாத்திரையைத்தான் விழுங்குகிறார்கள் என்றாலும், இருவரின் உடலும் கடந்து வந்த பாதை ஒன்றன்று.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், அண்மைக் காலத்தில் சிகிச்சை தொடங்கி, நோய் எதிர்ப்பாற்றல் நன்றாக இருப்பவர்களின் ஆயுள், தொற்று இல்லாதவர்களின் ஆயுளை நெருங்கிவிட்டது என்கின்றன. செய்தித்தாள்களில் இது "எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் முழு ஆயுள்" என்ற தலைப்பாகிவிடுகிறது. தலைப்பு பொய்யல்ல. ஆனால் அதற்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்துள்ளன: சிகிச்சை சீக்கிரம் தொடங்கியிருக்க வேண்டும்; எதிர்ப்பாற்றல் மீண்டிருக்க வேண்டும். சிடி4 மிகவும் தாழ்ந்த பின் வந்தவருக்கு அந்த இடைவெளி இன்னும் முழுதாக மூடவில்லை. மேலும், காசநோய் நம் ஊரில் இருக்கும் அளவுக்கு அந்த நாடுகளில் இல்லை. அங்கே வரைந்த கணக்கை இங்கே அப்படியே பொருத்துவது சரியாகாது.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அடங்கியவர்களுக்கும் மாரடைப்பு, சிறுநீரகக் குறைபாடு, கல்லீரல் நோய், எலும்புத் தேய்மானம் ஆகியவை சற்று முன்னதாகவும் சற்று அதிகமாகவும் வருவது ஏன் என்று மருத்துவ உலகம் நெடுநாள் ஆராய்ந்திருக்கிறது. ஒரு காரணம் இது. வைரஸ் இரத்தத்தில் தென்படாவிட்டாலும் உடலின் சில மறைவிடங்களில் உறங்கிக் கிடக்கிறது. நோய் எதிர்ப்பு அமைப்பு அதை ஓயாமல் காவல் காக்கிறது. வைக்கோற்போர் எரிந்து அடங்கினாலும் அடியில் உமி கனன்றுகொண்டிருப்பதைப் போல, உடலுக்குள் ஒரு மெல்லிய அழற்சி தொடர்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடரும் அந்தக் கனல் இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கிறது.

இதை உலகுக்குத் தெளிவாக்கிய ஆய்வு ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, கொஞ்ச நாள் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?" என்ற எண்ணத்துக்கு அதிலேயே விடை இருக்கிறது. ஸ்மார்ட் என்ற அந்த ஆய்வு 33 நாடுகளில் 5,472 பேரிடம் நடந்தது. ஒரு பிரிவினர் மருந்தை இடைவிடாமல் எடுத்தனர். மற்றப் பிரிவினர், சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்தபோது மீண்டும் தொடங்கினர். மருந்துக்கு ஓய்வு கொடுத்தால் பக்கவிளைவு குறையும், இதயமும் சிறுநீரகமும் தப்பும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களிடையே இறப்பு அபாயம் ஏறத்தாழ 1.8 மடங்காக இருந்தது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் தொடர்பான பெரு நோய்களும் அவர்களுக்கே அதிகம் வந்தன. 2006 ஜனவரியில் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்தின் பக்கவிளைவை விட வைரஸ் தலைதூக்குவதே உள்ளுறுப்புகளுக்குப் பெரிய கேடு என்பதை மருத்துவர்களே அன்றுதான் முழுதாக உணர்ந்தார்கள்.

ஆகவே "இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்று பக்கத்து வீட்டில் யாரேனும் சொன்னதைக் கேட்டு மருந்தை நிறுத்துபவர், கிட்னிக்கு நன்மை செய்வதாக எண்ணித் தீமையே செய்கிறார். இப்போது முதல்நிலைச் சிகிச்சையாகத் தரப்படும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்று மருந்துகள் உள்ளன. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மைதான். அதற்காகவே கிரியாட்டினின் பரிசோதனை இருக்கிறது. பாதிப்பு தெரிந்தால் மருந்தை மாற்றுவதற்கு வழியும் இருக்கிறது. உண்மையில் எங்களைக் கவலைப்படுத்துவது வேறொன்று. நாற்று நட்டு, களை பறித்து, செங்கல் சுமந்து வரும் உடல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நின்றபடி வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள்தாம் அவை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை டெனோஃபோவிருடன் சேர்த்து நாள்தோறும் எடுத்தால் சிறுநீரகத்தின் மேல் இரட்டைச் சுமை ஏறுகிறது. பழி மட்டும் ஏ.ஆர்.டி. மாத்திரையின் மேல் விழுகிறது.

நம் பகுதியைப் பொறுத்தவரை முதல் எதிரி இன்றும் காசநோய்தான். எச்.ஐ.வி. உள்ளவரின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் அது முன்னிலையில் நிற்கிறது. தோப்பூர் ஆஸ்டின்பட்டி நெஞ்சக நோய் மருத்துவமனையின் மரநிழலை அறியாத பழைய குடும்பங்கள் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. ஆனால் இந்த இரண்டு நோய்களும் சேரும்போது எப்படிச் சிகிச்சை அளிப்பது என்ற அறிவு உருவானதில் மதுரைக்கு ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்டு, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கும் அமைப்பு, மதுரையிலும் தன் பிரிவை நடத்தி வந்துள்ளது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் வராமல் தடுக்க ஆறு மாதத் தடுப்பு மருந்து போதுமா, முப்பத்தாறு மாதம் வேண்டுமா என்று அந்நிறுவனம் சென்னையிலும் மதுரையிலும் ஏறத்தாழ 700 பேரிடம் ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டது. இரண்டின் பயனும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

அதைவிட முக்கியமானது பின்னர் 2018இல் வெளிவந்த முடிவு. முன்பு நம் நாட்டில் காசநோய் மருந்து வாரம் மூன்று நாள் தரப்பட்டு வந்தது. எச்.ஐ.வி.யும் நுரையீரல் காசநோயும் சேர்ந்திருந்த 331 பேரிடம், தினமும் தருவதையும் வாரம் மூன்று முறை தருவதையும் ஒப்பிட்டனர். தினமும் எடுத்தவர்களில் 91 விழுக்காட்டினர் நற்பயன் பெற்றனர். விட்டுவிட்டு எடுத்தவர்களில் 77 விழுக்காட்டினரே பெற்றனர். மருந்தை எதிர்க்கும் காசநோய்க் கிருமி தோன்றும் ஆபத்தும் தினசரி முறையில் குறைந்தது. இன்று காசநோய்க்கு நாடெங்கும் தினசரி மருந்துதான். அந்த 331 பேரும் நம் தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு வந்துபோன எளிய மனிதர்கள். பெயர் தெரியாத அவர்களுக்கு நாமெல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆகவே ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொரு முறையும் "இருமல் இருக்கிறதா, காய்ச்சல் வருகிறதா, இரவில் வியர்க்கிறதா, எடை குறைந்ததா?" என்று கேட்கும்போது, சலிப்போடு "இல்லை" என்று தலையாட்டிவிட்டு நகராதீர்கள். அந்த நான்கு கேள்விகளும் சடங்கல்ல. எடை குறைந்ததை நோயாளியை விட வீட்டிலிருப்பவர்தான் முதலில் அறிவார். இரவிக்கை தொளதொளப்பதும், வேட்டியை இன்னொரு சுற்று இறுக்குவதும் அவர் கண்ணில்தான் படும். உடன் வருபவர் அதைச் சொல்ல வேண்டும்.

புகையிலை பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, ஓர் எண் போதும். டென்மார்க்கில் 2013இல் வெளியான ஆய்வொன்று, முறையாகச் சிகிச்சை பெறும் 35 வயது எச்.ஐ.வி. நோயாளர் எச்.ஐ.வி.யால் இழக்கும் ஆயுள் ஏறத்தாழ 5 ஆண்டு என்றும், புகைப்பழக்கத்தால் இழப்பது 12 ஆண்டு என்றும் கணக்கிட்டது. இருபது ஆண்டு மாத்திரை விழுங்கிச் சேர்த்ததை ஒரு பீடிக்கட்டு எடுத்துக்கொண்டு போகிறது. மதுவைப் பொறுத்தவரை, மஞ்சள் காமாலை பி வகைத் தொற்றும் உள்ளவர்கள் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஏ.ஆர்.டி. மாத்திரையே அந்தக் கல்லீரல் வைரஸையும் அடக்கி வைத்திருக்கிறது. திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறி எழக்கூடும்.

இதயத்தைப் பற்றிய அண்மைச் செய்தி ஒன்று நம்பிக்கை தருவது. ரிப்ரீவ் என்னும் ஆய்வு இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுக்குட்பட்ட எச்.ஐ.வி. உள்ளோர் 7,769 பேரிடம் நடந்தது. இவர்களுக்கு இதய நோய் ஆபத்து அதிகமில்லை என்றே வழக்கமான கணக்கு சொன்னது. அவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவஸ்டாட்டின் மாத்திரை தரப்பட்டபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 விழுக்காடு குறைந்தன என்று 2023இல் அறிவித்தனர். இதன் பொருள் எல்லாரும் நாளையே அந்த மாத்திரையை வாங்க வேண்டும் என்பதன்று. நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் இதைப் பற்றித் தம் மருத்துவரிடம் ஒருமுறை பேச வேண்டும் என்பதே. ஸ்டாட்டின் வகையிலும் சில மாத்திரைகள், இரண்டாம் நிலைச் சிகிச்சையில் தரப்படும் ரிட்டோனாவிர் போன்ற மருந்துகளுடன் சேரக் கூடாதவை. ஆகவே தானாக வாங்கிச் சாப்பிடுவது இங்கே ஆபத்தானது.

இங்கேதான் எங்கள் மனத்தை நெடுநாளாக உறுத்தும் ஒரு பிரச்சினைக்கு வருகிறோம். நம் நோயாளர்களில் பலருக்கு இரண்டு கோப்புகள் உண்டு. ஏ.ஆர்.டி. சிகிச்சைப் புத்தகம் பீரோவின் அடித்தட்டில், சேலைக்குக் கீழே இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பார்க்கும் டாக்டரின் சீட்டு மேசைமேல் இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று ஒருநாளும் சந்திப்பதில்லை. சர்க்கரை டாக்டருக்கு இவர் எச்.ஐ.வி. மருந்து எடுப்பது தெரியாது, ஏ.ஆர்.டி. மருத்துவருக்கு இவர் மூன்று வேளை சர்க்கரை மாத்திரை எடுப்பது தெரியாது.

இதன் விளைவுகள் எளியவை அல்ல. டோலுடெக்ராவிர், சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் இரத்தத்தில் தங்கும் அளவைக் கூட்டுகிறது. அதனால் மெட்ஃபார்மினின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமில முறிவு மருந்து ஆகியவற்றை வெறும் வயிற்றில் ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால், டோலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிரைக் கூடுதலாக இன்னொரு வேளை தர வேண்டும். ரிட்டோனாவிர் எடுப்பவர் மூட்டுவலிக்காகச் சில ஸ்டீராய்டு ஊசிகளைப் போட்டுக்கொண்டால், முகம் உப்பி, சர்க்கரை ஏறி, உடலின் சமநிலையே குலையலாம். ஊசி போட்டவர் அறிந்து செய்த தவறன்று அது. அவருக்கு ஒரு பாதி மறைக்கப்பட்டிருந்தது. நாட்டு மருந்துக்கும் இது பொருந்தும். எதையும் இகழ்வதற்காகச் சொல்லவில்லை. எது எதோடு சேர்கிறது என்று அறிந்த ஒருவர் முழுப் பட்டியலையும் பார்த்தாக வேண்டும்.

"அப்படியானால் எல்லா டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்" என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் மறைப்பவர்கள் காரணமின்றி மறைக்கவில்லை. சொன்ன பிறகு அறுவைச் சிகிச்சைத் தேதி தள்ளிப்போனவர்கள் இருக்கிறார்கள். படுக்கையின் மேல் தனி அடையாளம் ஒட்டப்பட்டு, வார்டு முழுவதும் அறியப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிராமத்தில் செய்தி ஒருமுறை வெளிப்பட்டால், அது மகளின் திருமணம் வரை தொடர்ந்து வரும். இந்த அச்சத்தைப் பேதைமை என்று சொல்பவர், நம் ஊர்த் திண்ணைகளை அறியாதவர்.

ஆயினும் நிலைமை முன்போல் இல்லை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. மருத்துவமனையிலோ, வேலையிலோ, பள்ளியிலோ, வாடகை வீட்டிலோ எச்.ஐ.வி. காரணமாகப் பாகுபாடு காட்டுவதை அது தடை செய்கிறது. ஒருவரின் இசைவின்றிப் பரிசோதிப்பதும் கூடாது. சிகிச்சையின் தேவை கருதி ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் சொல்லலாம். நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் தவிர, அதற்கு அப்பால் செய்தியை வெளியே விடக் கூடாது. முறையிடுவதற்கு மாநில அளவில் குறைதீர்ப்பாளர் பதவியையும் சட்டம் வகுத்துள்ளது. சட்டம் இருப்பதாலேயே அச்சம் போய்விடாது. ஆனால் கேட்பதற்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது. 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழில் பேசி, பெயர் சொல்லாமலே விவரம் கேட்கலாம்.

எங்கள் நிலைப்பாடு இதுதான். சொல்லும் பொறுப்பை நோயாளியின் தோளில் மட்டும் ஏற்றுவது நியாயமன்று. சொல்வதைப் பாதுகாப்பானதாக்கும் பொறுப்பு முதலில் மருத்துவமனைகளுடையது. எல்லா நோயாளிக்கும் ஒரே முன்னெச்சரிக்கை, ஒரே கையுறை, ஒரே வரிசை என்று இருந்தால், தனி அடையாளம் எதற்கு? சீட்டு எழுதும் இடத்தில் பலர் காதுபடக் கேள்வி கேட்பதை நிறுத்தினால், பாதிப் பேர் தாமாகவே சொல்வார்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். உறவினர் எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு மருந்து எழுதும் கைக்கு மட்டும் தெரிந்தால் போதும். நேரில் சொல்லத் தயங்கினால், ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரிடம் ஒரு கடிதம் கேட்டு, உறையிலிட்டு மருத்துவர் கையில் கொடுங்கள். வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியது உண்டு. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. அதை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்க முடியும். உலகச் சுகாதார நிறுவனம் இவர்கள் 25 வயதிலிருந்தே பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்கிறது. ஆயினும் நம் பகுதிப் பெண்கள் பலர் இருபது ஆண்டு தவறாமல் மாத்திரை வாங்கியும், இந்த ஒரு பரிசோதனையை ஒருமுறைகூடச் செய்துகொண்டதில்லை. கணவர் நோயுற்றபோது அவரைப் பார்த்தார்கள். அவர் மறைந்த பின் பிள்ளைகளைப் பார்த்தார்கள். தமக்கென்று ஒரு நாளை ஒதுக்குவது அவர்களுக்குப் பழக்கத்தில் இல்லை. பிள்ளைகளே, அம்மாவை அழைத்து வருகிற வேலை உங்களுடையது. எதற்கு என்று கேட்டால், "பொம்பளைங்க எல்லாரும் பார்க்கிற செக்கப்தான்" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

தாமதமாக வருபவர்களின் துயரம் வேறு. சோதனை என்றாலே இளைஞர்களுக்கு என்று எல்லாரும் எண்ணுவதால், ஐம்பத்தைந்து வயதில் விடாத வயிற்றுப்போக்கோடும் எடைக்குறைவோடும் அலையும் ஒருவரை, ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்கேன் எடுக்கிறார்கள், எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்யும் ஒரு சோதனை மட்டும் கடைசியில் வருகிறது. அதற்குள் சிடி4 நூறுக்கும் கீழே போயிருக்கும். வயதான ஒருவரிடம் இந்தச் சோதனையைப் பற்றிப் பேச மருத்துவரும் கூசுகிறார், பிள்ளைகளும் கூசுகிறார்கள். இந்தக் கூச்சத்துக்கு விலையாகப் போவது ஆயுள்.

மருந்து விடுபடும் இடங்கள் எவை என்று பார்த்தால், பெரும்பாலும் அலட்சியம் காரணமாக இருப்பதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர் வந்து வீடு நிறைந்திருக்கும்போது, மாத்திரை டப்பாவை வெளியே எடுக்க முடியாமல் நான்கு நாள் விடுபடுகிறது. திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போனவர், மாதக் கடைசியில் மதுரை வர ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் கணக்குப் பார்க்கிறார். மல்லிகை பறிக்க நள்ளிரவுக்குப் பின் எழுந்து போகிறவருக்கு, இரவு ஒன்பது மணி மாத்திரை தூக்கத்தில் போய்விடுகிறது. இவற்றுக்கு வழி உண்டு. நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு, மூன்று மாத மாத்திரைகளை ஒரே முறையில் வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. வேலை செய்யும் ஊரிலுள்ள மையத்துக்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம். தாலுகா மருத்துவமனைகள் பலவற்றில் இணைப்பு மையங்கள் உண்டு. மாத்திரை நேரத்தை உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றித் தரவும் முடியும். கேட்பவர்களே குறைவு.

அரசிடமும் ஒரு கோரிக்கை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பணியாளர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் எச்.ஐ.வி. உள்ளோர் சிலர், வீட்டுக்கு வருபவர் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சி, அவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே இந்த ஐந்து பரிசோதனைகளும், அதாவது இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை ஆகியவை, ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்கும் அதே நாளில், அதே கூரையின் கீழ் நடைபெற வேண்டும். பிரஷர் மாத்திரையும் அந்தச் சாளரத்திலேயே கிடைக்க வேண்டும். இரண்டு வரிசைக்கு இரண்டு நாள் கூலியை இழக்கச் சொல்வது, ஒரு வரிசையைக் கைவிடச் சொல்வதற்குச் சமம். கைவிடப்படுவது எப்போதும் பிரஷர் வரிசைதான், ஏனெனில் பிரஷர் வலிப்பதில்லை.

அந்த ஏற்பாடு வரும் வரை, எங்களிடம் வருபவர்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சத்து மாத்திரை, வலி மாத்திரை, லேகியம், சூரணம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. எப்போது, எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எது ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேரும், எதைத் தள்ளி எடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று எங்கள் மருந்தாளுநர் தமிழில் எழுதித் தருவார். கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்ப்போம்.